பொருள்: இளமை முடிகிற கட்டத்துக்கு ஒரு கலைச்சொல் வேண்டும்

தக்கலையிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். தமிழ்வழியில் சமூகவியல் படிக்கும் பிள்ளைகளுக்காக வாழ்க்கைப் பருவங்கள் பற்றிய பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒருவர் வளர்ந்த ஆள்தான். ஆனால் ‘இனி இவரை இளையவர் என்று சொல்ல முடியாது’ என்று சுற்றியிருப்பவர்கள் நினைக்கத் தொடங்கும் ஒரு கட்டம் வருகிறது அல்லவா, அதற்கு ஒரு பெயர் வேண்டும். உடம்பு தளர்வதை நான் சொல்லவில்லை. மற்றவர்கள் பார்வை மாறுவதைச் சொல்கிறேன்.

பாடத்தில் வருவது இது. அமெரிக்க ஆய்வாளர் பெர்னிஸ் நியூகார்ட்டனும் அவருடன் சேர்ந்தவர்களும் 1965-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எந்தெந்தக் காரியம் எந்த வயதில் நடக்க வேண்டும் என்று அமெரிக்க நடுத்தர வர்க்கத்தாரிடம் கேட்டார்கள். இளைஞன் என்றால் 18 முதல் 22 வரை, நடுவயதுக்காரன் என்றால் 40 முதல் 50 வரை என்பது பெரும்பாலோர் பதில். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறவனுக்குப் பெயர் இல்லை. ஐரோப்பிய சமூக ஆய்வின் 2008-ஆம் ஆண்டுச் சுற்றில், எந்த வயதோடு ஒருவரை இளையவர் என்று சொல்வதை நிறுத்துவார்கள் என்றே நேராகக் கேட்டார்கள். பதில் நாட்டுக்கு நாடு மாறியது. பதில் சொல்பவருக்கு வயது கூடக் கூட எல்லையும் தள்ளிப்போனது.

‘இளமைக் கழிவு’ என்று எழுதிப் பார்த்தேன். வகுப்பில் கழிவுநீர்தான் நினைவுக்கு வருகிறது. ‘இளமை இறுதி’ துக்க வீட்டுச் சொல்லாக இருக்கிறது. உதவுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து:

டீச்சருக்கு வணக்கம். புதிதாக ஆக்கும் முன் இருப்பதைப் பார்ப்போம். பன்னிரு பாட்டியல் என்ற பழைய இலக்கண நூல் ஆணுக்கு வகுத்த வரிசை: 7 வரை பாலன், 10 வரை மீளி, 14 வரை மறவோன், 15 திறலோன், 16 காளை, அதன்பின் 30 வரை விடலை. ‘மிகினே முதுமகன்’ என்று முடிகிறது. முப்பதைத் தாண்டினால் முதுமகன்தான், இடையில் திண்ணை கிடையாது. ஆகவே ‘விடலைநீக்கம்’ என்பது மரபு தரும் சொல். வடமொழி கலவாதது.

‘இள’ என்ற அடியையும் பார்க்க வேண்டும். இளகு, இளக்கம், இளநீர் எல்லாம் ஒரே குடும்பம், நெகிழ்வுப் பொருள். இதற்கு எதிர்நிலையில் மூ, முது, முதிர், முற்று என்று ஒரு குடும்பம், இறுகல் பொருள். இளைத்தல் என்ற வினையையும் ‘இள’வோடு சேர்க்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். நெகிழ்ந்தது மெலியும், மெலிந்தது களைக்கும். இளைப்பாறுதல் என்பதிலும் அந்த வேர் ஓடுகிறது. விரிவாக நாளை எழுதுகிறேன்.

குழித்துறையிலிருந்து:

ஐயா, இளைப்பாறுதல் வரைக்கும் போக வேண்டாம். வெள்ளிக்கிழமை பக்கத்தில் இருக்கிறது.

‘விடலை’ இன்று அந்தப் பொருளில் இல்லை. விடலைப் பருவம் என்றால் பதின்வயது என்றுதான் மாணவர்கள் படிப்பார்கள். ‘விடலைநீக்கம்’ என்று எழுதினால் பதினெட்டு வயதுப் பையன் பெரியவனாவது என்று புரிந்துகொள்வார்கள். பாடம் சொல்வதற்கு நேர் எதிர்.

எங்கள் விளவங்கோட்டுப் பக்கம் எல்லோர் வாயிலும் இருக்கும் சொல் ‘செறுப்பம்’. ‘செறுப்பத்திலே அவன் நல்லா வேலை செய்வான்’ என்று சொன்னால் படிக்காதவருக்கும் புரியும். ‘செறுப்பம் விடுதல்’ என்று வைத்தால் என்ன?

நாகர்கோவிலிலிருந்து:

அது மலையாளம்.

குழித்துறையிலிருந்து:

ஐயா, சிறு என்பதன் வழியில் வந்த சொல் எப்படி அயல்சொல் ஆகும்? எங்கள் ஊரை 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைத்தார்கள். ஊரை உள்ளே எடுத்துக்கொண்டு, ஊர்க்காரன் பேச்சை வாசலுக்கு வெளியே நிறுத்துவது சரியில்லை. இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

தக்கலையிலிருந்து:

இரண்டு பேரும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐயா தந்த பாட்டியல் வரிசை வேறொரு விதத்தில் எனக்குப் பயன்பட்டது. ஆணுக்கு 30 தாண்டினால் முதுமகன். பெண்ணுக்கோ பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை என்று போய், 32 முதல் 40 வரை பேரிளம்பெண். பெயருக்குள்ளேயே ‘இளம்’ இருக்கிறது. ஏட்டில் பெண்ணுக்குப் பத்து வருடம் கூடுதல்.

நாட்டில் நடப்பது தலைகீழ். முப்பத்திரண்டு வயதில் கல்யாணமாகாத ஆண், வீட்டுக்கு இன்னும் பையன்தான். அதே வயதுப் பெண்ணுக்கு ‘முதிர்கன்னி’ என்று பத்திரிகைக்காரர்கள் தயங்காமல் எழுதுகிறார்கள். கல்யாணம் ஆனவளும் இதிலிருந்து தப்ப முடியாது. இருபத்தைந்து வயதுப் பெண் கைக்குழந்தையோடு பஸ்ஸில் ஏறினால், அவளைவிட ஐந்து வயது மூத்த ஆண் ‘அக்கா, இங்கே இருங்க’ என்று இடம் கொடுப்பார். மரியாதைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் அவளை அடுத்த வரிசைக்குத் தள்ளிவிடுகிறோம். எந்தச் சொல்லை எடுத்தாலும் ஆண், பெண் இரண்டு பேருக்கும் அது ஒரே வயதைக் குறிக்காது என்பது தெரிய வேண்டும். ஆகவே எண்ணையோ பருவப் பெயரையோ உள்ளே வைக்காத சொல்லாகப் பாருங்கள்.

தேங்காப்பட்டணத்திலிருந்து:

டீச்சர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் வீடுகளில் கல்யாண வயதில் இருக்கும் பெண்ணைக் ‘குமர்’ என்போம். ‘வீட்டிலே குமர் இருக்கு’ என்றால் தகப்பனுக்குப் பொறுப்பு இருக்கிறது என்று அர்த்தம். நிக்காஹ் முடிந்த அன்றைக்கே அந்தச் சொல் அவளை விட்டுப் போய்விடும். பத்தொன்பது வயதானாலும் சரி, முப்பதானாலும் சரி.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் பெயரிலும் இதே கணக்குதானே இருக்கிறது. சுசீந்திரத்திலிருந்து மாப்பிள்ளையான சிவன் புறப்பட்டார், நாரதர் சேவலாகக் கூவினார், முகூர்த்தம் தப்பியதென்று மாப்பிள்ளை திரும்பிவிட்டார் என்பது ஊர்க்கதை. கல்யாணம் நடக்கவில்லை, அதனால் அம்மன் குமரியாகவே இருக்கிறாள். அங்கே வருடத்தை யாரும் எண்ணவில்லை. சடங்கு நடந்ததா இல்லையா என்பதுதான் கணக்கு.

பூதப்பாண்டியிலிருந்து:

ஆண்களுக்கும் சடங்குதான், அண்ணாச்சி. இளவட்டக்கல்லை எல்லோருக்கும் தெரியும். பொங்கலுக்குப் போட்டி வைக்கிற ஊர்களில் போய்ப் பாருங்கள். உருண்டைக் கல், மழமழவென்று வழுக்கும், பிடிக்க ஒரு விளிம்பு இருக்காது. குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் அணைத்து முதலில் முழங்காலுக்கு ஏற்ற வேண்டும், அங்கிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து தோளுக்கு, அப்புறம் முதுகுக்குப் பின்னால் விட வேண்டும். நெஞ்சுக்கும் தோளுக்கும் நடுவில்தான் முக்கால்வாசிப் பேர் தோற்பார்கள். முன்காலத்தில் பெண் கொடுக்கிறவர்கள் இதைப் பார்த்தார்கள் என்பார்கள். இளவட்டம் என்று ஊர் ஒத்துக்கொள்ள ஒரு கல் இருந்தது. ‘நீ இனி இளவட்டம் இல்லை’ என்று சொல்லக் கல் எதுவும் இல்லை. நாற்பது வயதுக்காரர் கல்லுக்குப் பக்கத்தில் வந்தால் கூட்டம் ‘அண்ணே, இடுப்பு பத்திரம்’ என்று கத்தும், அவ்வளவுதான்.

இன்னொன்று, தலைக்கட்டு வரி. ஊரில் கல்யாணமானவன் ஒரு தலைக்கட்டு. கோயில் கொடை விழாவுக்கு அவன் பேரில் தனி வரி எழுதுவார்கள். வரி எழுதியாயிற்று என்றால் ஊர்க்கூட்டத்தில் அவன் பேச்சு எடுபடும். ஆனால் இளவட்டங்களோடு சேர்ந்து சுற்றினால் ‘என்ன இவன்?’ என்று கேட்பார்கள்.

அதனால் என் முன்மொழிவு ‘இளமை வரம்பு’. நாஞ்சில் நாட்டு வயலில் வரம்பு என்றால் என்னவென்று தெரியும். இயற்கை போட்டது இல்லை, ஆள் வெட்டிப் போட்டது. பக்கத்து வயல்காரன் வருஷத்துக்கு ஒரு சாண் என்று அரித்துத் தள்ளிக்கொண்டே போவான். டீச்சர் சொன்ன எல்லையும் அப்படித்தான் நகருகிறது.

தூய்மை பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊர்ப் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா தனித்தமிழ்ப் பற்றில் உயிரின்பன் என்று பெயர் மாற்றினார். பிறகு ஜீவானந்தம் என்ற பெயருக்கே திரும்பினார். ஊர் அவரை ஜீவா என்றுதான் கூப்பிட்டது.

கருங்கலிலிருந்து:

எங்கள் சபையில் சொல் ‘வாலிபர்’. வேதாகமத்தில் ‘வாலிபனே! உன் இளமையிலே சந்தோஷப்படு’ என்று வருவதால் பிள்ளைகளுக்குப் பழகிய சொல். இடதுசாரிக் கட்சியிலும் உண்டு. இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தில் 40 வயது வரை இருக்கலாம்.

அரசு கணக்கையும் டீச்சர் ஒரு பெட்டியாகப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 2003-ஆம் ஆண்டு தேசிய இளைஞர் கொள்கையில் 13 முதல் 35 வரை இளைஞர். 2014-ஆம் ஆண்டுக் கொள்கையில் 15 முதல் 29. முப்பத்திரண்டு வயதில் இருந்தவர் தூங்கி எழுந்தபோது இளைஞர் இல்லை என்றாகிவிட்டது. ஐநா கணக்கில் 24-உடன் முடிகிறது, ஆப்பிரிக்க இளைஞர் சாசனத்தில் 35 வரை. சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்காரும் 35 வரைதான். வேலைவாய்ப்பு இல்லாத இடத்தில் இளமை நீளுகிறது. இதை நான் பாரத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வாலிபர் கூட்டத்தில் முப்பத்தாறு வயதுப் பையன்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு வேலை சரிவரவில்லை, கல்யாணம் தள்ளிப்போகிறது. ஆண்கள் சங்கத்துக்குப் போகச் சொன்னால் முகம் சுருங்குகிறது. யாரும் வற்புறுத்துவதில்லை.

நாகர்கோவிலிலிருந்து:

கருங்கல் நண்பர் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று முழுக்க யோசித்தேன். விடலைநீக்கத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘இளமை வரம்பு’ போதாது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் இளமையை எங்கே வைக்கிறார்? ‘எள்ளல் இளமை பேதைமை மடன்’ என்று நகைக்கு நிலைக்களனாக. மூப்பை? ‘மூப்பே பிணியே வருத்தம் மென்மை’ என்று இளிவரலுக்கு. ஒன்றைக் கண்டு சிரிக்கிறோம், இன்னொன்றைக் கண்டு இழிவாக எண்ணுகிறோம். இரண்டுமே பார்க்கிறவர்கள் இருந்தால்தான் நிகழும். டீச்சர் கேட்பதும் அதுவே. கழிதல் தன்வினை, தானாக நடப்பது. கழித்தல் பிறவினை, ஒருவர் செய்வது. ஒருவரின் இளமை கழிவதில்லை, ஊர் அதைக் கழிக்கிறது. ஆகவே ‘இளமைக் கழிப்பு’ என்பதே சரி. வரம்பு என்றால் வரம்பு மட்டும் தெரியும், வெட்டியவன் தெரியமாட்டான்.

குழித்துறையிலிருந்து:

பிறவினை என்ற விஷயத்தில் ஐயாவோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் ‘கழிப்பு’ என்றதும் கழிப்பறை வந்துவிடும். டீச்சர் முதல் கடிதத்திலேயே சொன்ன தொல்லை.

ஊரின் கை தெரிய வேண்டும் என்றால் ஊரையே சொல்லில் வைத்துவிடலாம். ‘ஊர்வயது’. ஒருவருக்கு மூன்று வயது: பிறந்த தேதி சொல்வது ஆண்டுவயது, அரசு சொல்வது சட்டவயது, மற்றவர்கள் அவர்மேல் ஏற்றுவது ஊர்வயது. பிசிராந்தையாரிடம் ‘இத்தனை ஆண்டாகியும் நரை இல்லையே’ என்று கேட்டதற்கு அவர் காரணங்களை அடுக்கி எங்கே கொண்டு முடிக்கிறார்? ‘சான்றோர் பலர் யான் வாழும் ஊரே’. அந்தப் புறநானூற்றுப் பாட்டில் அவர் நரைக்காததற்குக் கடைசிக் காரணம் ஊர்.

தேங்காப்பட்டணத்திலிருந்து:

நல்ல சொல். ஒரு தயக்கம் மட்டும். ‘சமூக வயது’ ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள். அதை ஏன் மாற்ற வேண்டும்? வேறு புத்தகம் படிக்கும் பிள்ளைகள் குழம்புவார்கள்.

பூதப்பாண்டியிலிருந்து:

குழம்பட்டும், அடைப்புக்குறியில் போட்டுக்கொள்ளலாம். நம் பக்கம் சமூகம் என்றால் சாதி என்றும் எடுப்பார்கள். அது வேறு வம்பு.

கருங்கலிலிருந்து:

ஊர் என்றாலும் இங்கே ஊர்க்கமிட்டி நினைவு வரும். அதுவும் பரவாயில்லை, கமிட்டிதான் வரி எழுதுகிறது. ஊர்வயதுக்கு என் ஆதரவு.

தக்கலையிலிருந்து:

இன்று காலை குறிப்பை அனுப்பிவிட்டேன். பொதுக்கருத்துக்கு ‘ஊர்வயது’, அடைப்புக்குறியில் ‘சமூக வயது’. நான் முதலில் கேட்ட அந்தக் கட்டத்துக்கு ‘இளமை வரம்பு’. ஐயா சொன்ன தன்வினை, பிறவினை விளக்கத்தை ஒரு பத்தியாகச் சேர்த்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் குமர், செறுப்பம், வாலிபர், இளவட்டம் நான்கும் வருகின்றன. பேரிளம்பெண் வரிசையையும் தலைக்கட்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பயிற்சிக் கேள்வி ஒன்று அமைத்தேன். எல்லோருக்கும் நன்றி.

நாகர்கோவிலிலிருந்து:

மகிழ்ச்சி, டீச்சர். ‘இளமை வரம்பு’ பற்றிய என் மறுப்பு அப்படியே நிற்கிறது. அது பெயர்ச்சொல்லாக உறைந்துவிடுகிறது, வினை போய்விடுகிறது. அடுத்த பதிப்புக்கு முன் சொல்லுங்கள், ‘கழிப்பு’க்கு மாற்றாக வேறு ஒரு பிறவினை தேடி வைக்கிறேன். இளைப்பாறுதல் பற்றிய குறிப்பைத் தனிக் கடிதமாக அனுப்புகிறேன்.

குழித்துறையிலிருந்து:

அனுப்புங்கள் ஐயா, படிக்கிறேன். ஆனால் செறுப்பம் எடுத்துக்காட்டில் மட்டும் நின்றதில் எனக்குத் திருப்தி இல்லை. கலைச்சொல் பட்டியலிலும் அது இடம்பெறும் வரை கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.