படகின் புரொப்பெல்லர்: திருத்துவதா, மாற்றுவதா?

வணக்கம். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நீர்மட்டம் இறங்கியிருந்த வேளையில், எங்கள் சிறு படகின் அலுமினியப் புரொப்பெல்லர் பாறையில் மோதி, ஓர் இதழின் நுனி உடைந்து, இன்னொன்று வளைந்துவிட்டது. வெல்டிங் செய்து தருவதாக ஹட்டனில் ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். ஆனால், இதழ்களின் எடையும் கோணமும் சமமாக அமையாவிட்டால் அதிர்வு ஏற்பட்டு, கியர் பெட்டியின் எண்ணெய்ச் சீலும் பேரிங்கும் கெட்டுவிடும் என்பதால் தயங்குகிறேன். (இரும்பென எண்ணித் தட்டி நிமிர்த்தினால் அலுமினியத்தில் வெடிப்பு விழுந்துவிடும் என்ற பயமும் உண்டு.)

புதிதாக வாங்குவதானால், 1,000 மீற்றருக்கு மேற்பட்ட இவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி குறைந்து இயந்திரத்தின் வலுவும் குறைவதால், பழையதைவிடப் பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம்) சற்றுக் குறைந்ததே பொருந்தும் என நினைக்கிறேன், இது சரியா?

புரொப்பெல்லர் தண்டும் வளைந்திருந்தால் இரண்டு வழியுமே வீண்செலவு. அதை வீட்டிலேயே சோதிக்கும் முறையையும், நீர்கொழும்புப் பக்கம் நம்பிக்கையாகத் திருத்துவோர் உளரா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்து உதவுங்கள்.