தாத்தாவின் ராலே சைக்கிளில் தோல் சீட் தொங்கிவிட்டது. லேஸ் கட்டலாமா, ஓரத்தை வெட்டலாமா?

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தாத்தா ஓட்டிய ராலே சைக்கிளைப் போன தை மாதம் திருவையாற்றிலிருந்து தாம்பரத்துக்குக் கொண்டுவந்தேன். டயர், ட்யூப், பிரேக் கட்டை எல்லாம் மாற்றியாகிவிட்டது. சீட் மட்டும் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் ப்ரூக்ஸ் என்ற இங்கிலாந்து சீட் கம்பெனியின் முத்திரை, அதன் கீழே மங்கலாக பி66 என்று மாடல் எண். பின்னால் இரண்டு சுருள் ஸ்பிரிங்.

வண்டி பதினைந்து வருடம் மாட்டுக்கொட்டகைத் தாழ்வாரத்தில், குஞ்சம் வைத்த ரெக்சின் கவர் போட்டபடியே நின்றது. கவரைக் கழற்றினால் தோல் முழுக்கப் பூஞ்சை. ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவைத்தேன். இப்போது நடுவில் இரண்டு விரல் ஆழத்துக்குக் குழி. ஏறி உட்கார்ந்தால் இரண்டு பக்கத் தோலும் வெளியே விரிந்து தொடையில் உரசுகிறது. அலுவலகம் போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு. வெளிர்நிற பேன்ட் இரண்டில் பழுப்புக் கறை ஏறிவிட்டது.

தெருமுனை மெக்கானிக், தேங்காய் எண்ணெயில் இரண்டு நாள் ஊறவை என்கிறார். மாமா பையன் ஓரத்தை வெட்டி எறி என்கிறான். இன்னொருவர் ஜெல் கவர் மாட்டச் சொல்கிறார். சாப்பாட்டு டப்பாவும் பஞ்சர் சாமானும் வைக்க ஒரு பை தொங்கவிடவும் ஆசை. புது சீட் வாங்கு என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்தக் குழி தாத்தா உட்கார்ந்து விழுந்தது.

வாடகைசைக்கிள்_மகன் எழுதியது:

தம்பி, முதலில் அந்த எண்ணெய்ப் பாட்டிலை மூடி வையுங்கள்.

என் அப்பா கும்பகோணத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். வாடகை வண்டிகளுக்கு எல்லாம் சாதா சீட்தான். வக்கீல், வாத்தியார் வண்டிகள் ரிப்பேருக்கு வரும்போதுதான் தோல் சீட்டைப் பார்ப்போம். எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும், ஒரு தமிழாசிரியரின் கறுப்பு சீட் விறைப்பாக இருக்கிறதே என்று நானாகவே ஒரு கிண்ணம் தேங்காய் எண்ணெயைக் குடிக்கவைத்தேன். வாரம் ஒன்று நன்றாக இருந்தது. அப்புறம் தோல் தூளி மாதிரி தொங்கி, அடியிலிருக்கும் இரும்பில் அவர் இடிக்க ஆரம்பித்தார். வெள்ளை வேட்டியில் கறுப்புச் சாயம் வேறு. அந்தத் தோலை மீட்கவே முடியவில்லை. இன்றைக்கும் எனக்கு அது வருத்தம்தான்.

தூளி என்று சொன்னதுதான் விஷயம். இந்த சீட்டுக்குள் பஞ்சும் கிடையாது, பலகையும் கிடையாது. ஐந்து மில்லிமீட்டர் கனத் தோல் ஒன்று, முன் மூக்கிலும் பின் தகட்டிலும் ரிவிட் அடித்து, நடுவில் அந்தரத்தில் நிற்கிறது. நம் எடையைத் தாங்குவது அந்த இழுவிசை மட்டுமே. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் என்பதால் உடல்சூட்டிலும் வியர்வையிலும் மெல்ல நெகிழ்ந்து நம் இடுப்பெலும்புக்கு ஏற்றபடி படிகிறது. அதே காரணத்தால் எண்ணெயோ மழையோ அதிகமானால் நெகிழ்வது நிற்காது. நீங்கள் எதைச் சேர்த்தாலும் கழித்தாலும் அந்த இழுவிசை என்ன ஆகும் என்று முதலில் பாருங்கள்.

ஜெல் கவர் வேண்டாம். அடியில் ஈரம் தங்கும். ரெக்சின் கவர் என்ன செய்தது என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

ஓரத்தை வெட்டுவதும் வேண்டாம். ப்ரூக்ஸிலேயே ஸ்வாலோ என்று பக்கத்தோல் குறைத்த மாடல் உண்டு. ஆனால் அதில் மிச்சத் தோலை உள்ளே மடித்து அடியில் ஒன்றோடொன்று பிணைத்திருப்பார்கள். சும்மா வெட்டினால் பிடிமானம் போய் நடு இன்னும் இறங்கும்.

லேஸ் கட்டுங்கள். இது ஒட்டுவேலை இல்லை. பி17 இம்பீரியல் என்ற மாடலுக்குக் கம்பெனியே பக்கத்தோலில் துளை போட்டு லேஸ் கோத்துத்தான் தந்தது. உங்கள் தோலில் முதலில் மூக்கு ரிவிட்டைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பாருங்கள். இருந்தால் நிறுத்திவிட்டு இங்கே படம் போடுங்கள். இல்லையென்றால், பக்கத்தோல் எங்கே அதிகமாக விரிகிறதோ அங்கே, கீழ் விளிம்பிலிருந்து அரை அங்குலம் மேலே, பக்கத்துக்கு ஐந்து துளை. முக்கால் அங்குல இடைவெளி போதும். துளை வட்டமாக இருக்கவேண்டும், அதற்கென்று இருக்கும் பஞ்ச் கொண்டுதான் போடவேண்டும். குத்தூசியால் கிழித்த துளை கொஞ்ச நாளில் நீண்டுவிடும். எதிரெதிர் துளைகள் நேராக வர, ஒரு காகிதத்தை ஒரு பக்கத்தில் வைத்துக் குறித்து, அதையே திருப்பி மறுபக்கத்தில் வையுங்கள். அப்புறம் ஷூவுக்குக் கட்டுவதுபோல் அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, பக்கங்கள் நேராகத் தொங்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள். அதற்குமேல் இழுத்தால் நடுவில் முகடு எழும்பி, உட்காரவே முடியாது.

மூக்கின் அடியில் தோலை இழுத்து இறுக்கும் போல்ட் பிறகுதான். இத்தனை வருடத்தில் துரு பிடித்திருக்கும். ஒரு சொட்டு எண்ணெயைத் தீக்குச்சி முனையால் மரையில் மட்டும் வைத்து ஒரு இரவு விடுங்கள். பிறகு நட்டை அரைச் சுற்று. ஒரு வாரம் ஓட்டுங்கள். போதவில்லை என்றால் இன்னொரு அரைச் சுற்று. குழி முழுக்க மறைய வேண்டும் என்று திருகாதீர்கள், மூக்கு ரிவிட்டில் தோல் கிழிந்துவிடும். அந்தக் குழியில் கொஞ்சம் இருக்கட்டும், உங்களுக்கும் அதுதானே வேண்டும்.

மேலே பூச ப்ரூஃபைட் என்று ப்ரூக்ஸே ஒரு டின் விற்கிறது. கொழுப்பும் மெழுகும் கலந்தது. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை, விரல்நுனி அளவு எடுத்துத் தேய்த்து, ஒரு இரவு விட்டு மெருகேற்றுங்கள். பேன்ட் கறையும் குறையும். அடிப்பக்கம் ஒரு முறையாவது பூச மறக்கவேண்டாம். அது மெருகு இல்லாத தோல், சக்கரம் தெறிக்கும் தண்ணீரை அதுதான் உறிஞ்சும்.

பெரியமேடு_தோல் எழுதியது:

அண்ணன் சொன்ன வரிசையை மாற்றாதீர்கள். நான் பெரியமேட்டில் பை தைக்கிறேன், ஒன்றிரண்டு சேர்க்கிறேன்.

லேஸுக்குத் தோல் வார் அழகாக இருக்கும், ஆனால் நனைந்தால் நீளும். மெழுகு பூசிய தட்டை நூல் நல்லது. மேல்தோலை மாற்றலாம் என்று யாராவது சொன்னால், திண்டுக்கல் பக்கம் பட்டைச்சாற்றில் பதனிடும் ஆட்டுத்தோலைக் கொண்டு முயலவேண்டாம். அருமையான தோல், ஆனால் மெல்லியது, ஓர் ஆளின் எடையைத் தாங்காது. டூல் பை தைக்க அதைவிடச் சிறந்தது கிடையாது.

பை விஷயம்: ஸ்பிரிங் வைத்த சீட்டில் கனமான பையைச் சுருளில் கட்டினால் ஒவ்வொரு குழியிலும் அது குதிக்கும், வாரும் தேயும். பஞ்சர் சாமானுக்கு மட்டும் ஒரு சின்ன உருளைப் பையைச் சீட்டின் பின்தகட்டில் இரண்டு வாரால் கட்டுங்கள். டப்பா கேரியரில் போகட்டும்.

ஒரு கருத்து வேறுபாடு. உள்ளங்கை ஈரத்தால் தோலை லேசாக நனைத்துவிட்டு லேஸை இழுத்தால் பக்கங்கள் எளிதாகப் படியும் என்பது என் அனுபவம்.

வாடகைசைக்கிள்_மகன் எழுதியது:

புதுத் தோலுக்குச் சரிம்மா. பதினைந்து வருடம் காய்ந்து பூஞ்சை பிடித்த தோலை நான் நனைக்கமாட்டேன். ஈரமாக இருக்கும்போது இழுத்தால் எவ்வளவு நீண்டது என்று காய்ந்த பிறகுதான் தெரியும், அப்போது திருப்ப முடியாது. நாலு நாள் ஓட்டினால் உடல்சூட்டிலேயே படிந்துவிடும்.

காவிரிக்கரை எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். வெடிப்பு இல்லை. நனைக்காமலே செய்தேன். தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் செருப்புத் தைக்கும் அண்ணன் ஒருவர் தன் பஞ்ச் கருவியைக் கொடுத்துப் பக்கத்திலேயே நின்று துளை போடவைத்தார். முதல் நாள் அதிகமாக இழுத்துவிட்டேன், நீங்கள் சொன்ன அதே முகடு. தளர்த்தியதும் சரியானது. நட்டு இதுவரை ஒரே ஒரு அரைச் சுற்று. தொடை உரசல் நின்றுவிட்டது, குழி ஒரு விரல் ஆழத்தில் நிற்கிறது. இடதுபக்க ஸ்பிரிங் மட்டும் ஏறும்போதெல்லாம் கீச்சிடுகிறது. எண்ணெய் விட பயமாக இருக்கிறது.

வாடகைசைக்கிள்_மகன் எழுதியது:

சுருளின் மேல்முனையும் கீழ்முனையும் இரும்பில் உரசும் இடத்தில் கிரீஸ் தொடுங்கள், எண்ணெய் வேண்டாம், அது வழிந்து தோலுக்கு வரும். அங்கே இருக்கும் நட்டையும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள், பாதி கீச்சு அதில்தான் இருக்கும். மழைக்காலத்தில் வண்டியை வெளியே விட்டால் சீட்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் பை போதும், வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள்.