ஆப்பில் போட்ட டேட்டா காலையில் இல்லை, அவசர உதவி தேவை

இரண்டாமாண்டு_மாணவி, இரவு 11:38
வணக்கம். புரோகிராமிங் கத்துக்கிறதுக்காக நானே ஒரு வெப் ஆப் பண்ணியிருக்கேன். க்ளாஸ்ல யார் யாருக்குப் புத்தகம் கொடுத்திருக்காங்கன்னு குறிச்சு வைக்கிற ஆப். லேப்டாப்ல ஒரு பிரச்சினையும் இல்ல. ஆன்லைன்ல போட்டதுக்கு அப்புறம், ராத்திரி போட்ட என்ட்ரி காலைல இல்ல. எரரும் வரல. கோடை நாலு தடவை வரி வரியாப் படிச்சுட்டேன். இதனால ரெண்டு ஃப்ரெண்ட்ஸுக்குள்ள "கொடுத்தேன்", "கொடுக்கல"ன்னு சண்டையே வந்துடுச்சு. நாளைக்கு மத்தியானம் க்ளாஸ்ல காட்டணும். ப்ளீஸ்.

எறும்பு, 11:46
எந்த மொழி, எந்த ஃப்ரேம்வொர்க், எந்த டேட்டாபேஸ்? எந்த மாதிரி ஹோஸ்டிங்? எல்லாமே போகுதா, சிலது மட்டுமா?

வரிக்குவரி, 11:50
கமிட் (எழுதினதை டேட்டாபேஸ்ல உறுதியாப் பதிய வைக்கிற கட்டளை) விட்டுப்போயிருக்கும், பாருங்க. பைத்தான்னா அதோட எஸ்கியூலைட் (ஒரே ஃபைல்ல இருக்கிற டேட்டாபேஸ்) மாட்யூல் இன்சர்ட் ஓடும்போது தானாவே ஒரு டிரான்ஸாக்‌ஷனைத் திறக்கும். கமிட் சொல்லாம கனெக்‌ஷனை மூடினா எழுதினது அத்தனையும் போயிடும். அதே கனெக்‌ஷன்ல படிச்சுப் பார்த்தா மட்டும் இருக்கிற மாதிரியே தெரியும். நான் இதுல ரெண்டு நாள் மாட்டியிருக்கேன்.

சுழல், 11:57
டேட்டாவை ஒரு குளோபல் லிஸ்ட்ல வச்சிருக்கீங்களா? சர்வர்ல ஒண்ணுக்கு மேல வொர்க்கர் (ஒரே ஆப்போட தனித்தனி ஓட்டம்) ஓடினா ஒவ்வொண்ணுக்கும் தனி மெமரி. ஒண்ணுல போட்டது இன்னொண்ணுக்குத் தெரியாது.

மூத்தநிரலர், நள்ளிரவு 12:04
அடிப்படை தெரியாமல் நேராக ஆப் கட்டக் கிளம்பினால் இப்படித்தான் ஆகும். புராசஸ் என்றால் என்ன, ஃபைல் எங்கே எழுதப்படுகிறது, சர்வர் எப்படி இயங்குகிறது, இவற்றை முதலில் படியுங்கள் தங்கையே. ஹோஸ்டிங் நிறுவனங்கள் ஆவணங்களை எழுதி வைப்பது படிப்பதற்காகத்தான். கேள்வியில் பாதி விவரம் இல்லை. இப்படிக் கேட்டால் யாராலும் உதவ முடியாது.

இரண்டாமாண்டு_மாணவி, 12:11
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். பைத்தான், ஃப்ளாஸ்க், எஸ்கியூலைட். கமிட் மூணு இடத்துலயும் இருக்கு. குளோபல் லிஸ்ட் இல்ல. ஃப்ரீ ஹோஸ்டிங், கிட்ல (கோடோட மாற்றங்களைச் சேமிச்சு வைக்கிற கருவி) புஷ் பண்ணினா தானா டெப்ளாய் ஆகி சர்வர்ல ஏறிடும்.

எறும்பு, 12:14
காலைல திறக்கும்போது பக்கம் காலியா இருக்கா, இல்ல பழைய டேட்டா ஏதாவது நிக்குதா? இது ரொம்ப முக்கியம்.

இரண்டாமாண்டு_மாணவி, 12:17
காலி இல்ல. ஆரம்பத்துல டெஸ்டுக்குப் போட்ட 7 என்ட்ரி எப்பவும் அப்படியே இருக்கு. அது தேவையில்லாத விஷயம்னு நினைச்சு சொல்லல.

எறும்பு, 12:29
அதுலதான் விடையே இருக்கும்மா.

உங்க டேட்டாபேஸ் ஃபைலும் கோடோட சேர்ந்து கிட்ல ஏறியிருக்கு. நீங்க புஷ் பண்ணின அன்னைக்கு அதுல 7 என்ட்ரி இருந்துச்சு. ஃப்ரீ ஹோஸ்டிங் பல இடங்கள்ல கொஞ்ச நேரம் யாரும் வரலைன்னா ஆப்பைத் தூங்க வச்சிடுவாங்க. மறுபடி யாராவது வந்ததும் டெப்ளாய் பண்ணின பிரதில இருந்து புதுசா ஒண்ணைக் கிளப்புவாங்க. அந்தப் பிரதில இருக்கிறது உங்க 7 என்ட்ரி ஃபைல்தான். நடுவுல எழுதினது பழைய கன்டெய்னரோடயே (ஆப் ஓடின தற்காலிக இடம்) போச்சு. உங்க கோடு சரியாத்தான் எழுதுது, எழுதின இடம்தான் நிலைக்காத இடம். அதனாலதான் எரர் வரல.

நம்பறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாருங்க. இப்பவே ஒரு என்ட்ரி போடுங்க, ரிஃப்ரெஷ் பண்ணுங்க, இருக்கும். அப்புறம் டாஷ்போர்டுல போய் நீங்களே ரீஸ்டார்ட் கொடுங்க. மறுபடி 7 வந்துச்சுன்னா நான் சொன்னது உறுதி.

வழி ரெண்டு. ஒண்ணு, அழியாத டிஸ்க் தர்ற ஹோஸ்டிங், ஃபைலை அங்க வைக்கணும். இன்னொண்ணு, தனியா ஓடுற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வர். அதோட முகவரியும் பாஸ்வேர்டும் கோடுல எழுதாதீங்க, கோடுக்கு வெளிய சர்வர்ல அமைக்கிற என்விரான்மென்ட் வேரியபிள்ல வைங்க. போஸ்ட்கிரெஸுக்கு மாறினா குவெரில இருக்கிற கேள்விக்குறியை எல்லாம் %s-னு மாத்தணும், பைத்தானையும் போஸ்ட்கிரெஸையும் இணைக்கிற வழக்கமான டிரைவர் அதைத்தான் எதிர்பார்க்கும்.

கடைசியா ஒண்ணு. கிட்ல உங்க கோடு இருக்கிற அந்த ரெப்போ பப்ளிக்கா, யார் வேணா பார்க்கலாமா? லாகின் பாஸ்வேர்டை எப்படிச் சேமிச்சிருக்கீங்க?

இரண்டாமாண்டு_மாணவி, 12:34
ரீஸ்டார்ட் பண்ணினேன். 7 தான் வந்துச்சு!! ரெப்போ பப்ளிக். பாஸ்வேர்டு அப்படியேதான் இருக்கு. டெஸ்ட் என்ட்ரில ஒண்ணு என் ரூம்மேட் போட்டது, அவ நிஜ பாஸ்வேர்டு.

எறும்பு, 12:37
மத்ததெல்லாம் அப்புறம். முதல்ல அவங்களை எழுப்பி, அந்த பாஸ்வேர்டை எங்கெங்க பயன்படுத்துறாங்களோ அங்கெல்லாம் மாத்தச் சொல்லுங்க. ரெப்போவை பிரைவேட் ஆக்குங்க. டேட்டாபேஸ் ஃபைலை கிட்இக்னோர்ல (கிட் எடுத்துக்கக் கூடாத ஃபைல்களோட பட்டியல்) சேர்த்தா மட்டும் போதாது, ஏற்கெனவே ஏறின ஃபைலை அது கண்டுக்காது. கிட்ல இருந்து எடுத்துட்டாலும் கிட் சேமிச்சு வச்ச பழைய பதிப்புகள்ல (அதையும் கமிட்னுதான் சொல்வாங்க) கிடக்கும். அதனால அந்த பாஸ்வேர்டு வெளிய போயிடுச்சுன்னே வச்சுக்கணும். இனிமே ஹேஷ் பண்ணித்தான் (திருப்பிப் படிக்க முடியாத வடிவமா மாத்தி) சேமிக்கணும். ஃப்ளாஸ்க்கோட வர்ற வெர்க்சாய்க் லைப்ரரிலயே அதுக்கு ஃபங்ஷன் இருக்கு.

மூத்தநிரலர், காலை 6:20
எஸ்கியூலைட்டை எடுத்ததே முதல் தவறு. அது விளையாட்டுப் பொருள். முதல் நாளே போஸ்ட்கிரெஸில் தொடங்கியிருக்க வேண்டும்.

வரிக்குவரி, 6:48
இதை ஒத்துக்க முடியாது சார். ரிச்சர்ட் ஹிப் 2000-ல கொண்டுவந்தது. இன்னைக்கு ஆண்ட்ராய்டு, ஐபோன், ஃபயர்ஃபாக்ஸ், குரோம் எல்லாத்துக்குள்ளயும் ஓடுது. ஒரு நேரத்துல ஒருத்தர்தான் எழுத முடியும், உண்மை. ஆனா 2010-ல வந்த வால் (WAL, மாற்றங்களை முதல்ல தனி லாக் ஃபைல்ல எழுதுற) முறையில, ஒருத்தர் எழுதும்போதே மத்தவங்க படிக்கலாம். ஒரு க்ளாஸ் புத்தகக் கணக்குக்கு இது தாராளம். இங்க தப்பு வச்ச இடத்துல, டேட்டாபேஸ்ல இல்ல.

மூத்தநிரலர், 7:05
கருவி சிறந்ததாக இருக்கலாம். ஆனால் நெட்வொர்க்கில் தனி டேட்டாபேஸ் சர்வரோடு பேசிப் பழகாத மாணவர் வேலைக்குப் போனதும் திணறுவார். நேர்காணல்களில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அடிப்படை, அதன் பிறகு புராஜெக்ட். இந்த வரிசை மாறக் கூடாது.

சுழல், 7:31
வரிசை எனக்கு நேர்மாறா இருந்துச்சு. ஃபைல் சிஸ்டம் பாடத்தைப் பரீட்சைக்குப் படிச்சேன், மறந்தேன். என் டேட்டா என் கண்ணு முன்னாடி போனப்பதான் ஃபைல்னா என்னன்னு புரிஞ்சுது. இந்தப் பொண்ணு ஒரே ராத்திரில கன்டெய்னர், கிட் வரலாறு, ஹேஷ் மூணையும் தொட்டிருக்கு. அதுவும் நிஜமா நாலு பேர் பயன்படுத்துற ஆப்ல.

மூத்தநிரலர், 7:44
தொட்டது வேறு, கற்றது வேறு.

எறும்பு, 7:52
இந்த விவாதத்துக்குத் தனி இழை போடுங்க ரெண்டு பேரும். @இரண்டாமாண்டு_மாணவி மாத்திட்டீங்களா?

இரண்டாமாண்டு_மாணவி, மதியம் 2:15
போஸ்ட்கிரெஸுக்கு மாத்தியாச்சு. ரீஸ்டார்ட் பண்ணியும் எல்லாம் இருக்கு! விடிகாலைல ஒரு இடத்துல நின்னுச்சு. திருப்பித் தர்ற நாளுக்கான கட்டத்துல ஒருத்தன் "அடுத்த வாரம்"னு டைப் பண்ணியிருந்தான். எஸ்கியூலைட் வாயைத் திறக்காம வாங்கிக்கிச்சு, போஸ்ட்கிரெஸ் தேதி இல்லன்னு திருப்பி அனுப்பிடுச்சு. ஃபார்ம்லயே தேதி மட்டும் வாங்குற மாதிரி மாத்தினேன். ரூம்மேட் பாஸ்வேர்டும் மாத்திட்டா. எறும்பு அண்ணா, ரொம்ப நன்றி. லேபுக்குப் போறேன்.

புதியவன்_7, மறுநாள் இரவு 9:03
எனக்கும் இதே மாதிரிதான். ஆனா டேட்டா எல்லாம் இருக்கு, யூசர் அப்லோடு பண்ற படம் மட்டும் மறுநாள் உடைஞ்சு தெரியுது. கோடு எல்லாம் சரியாத்தான் இருக்கு. என்ன பண்றது?

எறும்பு, 9:20
படத்தை எந்த ஃபோல்டர்ல சேமிக்கிறீங்க?