இத்தாலியின் நிதிக் காவற்படை சுங்கமா, பொலிஸா, இராணுவமா?

திருநெல்வேலி வாசகர் (கேள்வி)
பலெர்மோவில் கடை நடத்தும் என் ஒன்றுவிட்ட அண்ணரிடம் அண்மையில் பேசினேன். சாம்பல் நிறச் சீருடை அணிந்த இருவர் அவருடைய கடை வாசலில் நின்று, பொருள் வாங்கி வெளியேறியவரிடம் பற்றுச்சீட்டைக் கேட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து காசுப்பதிவு இயந்திரத்தையும் சோதித்தார்களாம். அதே படையின் ரோந்துப் படகுகள் துறைமுகத்திலும் நிற்கின்றனவாம். இலங்கையில் வரிக் கணக்கு இறைவரித் திணைக்களத்திடமும், துறைமுகம் சுங்கத்திடமும், கடல் கடற்படையிடமும் இருக்கப் பார்த்துப் பழகிய எனக்கு, இவை ஒரே கையில் இருப்பது விளங்கவில்லை. அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

கொக்குவில் கணக்காளர்
அது குவார்தியா தி ஃபினான்சா, அதாவது நிதிக் காவற்படை. 1774 இல், இத்தாலி ஒன்றுபடுமுன் இருந்த சார்தீனிய இராச்சியத்தில் எல்லையைக் காக்கவும் வரி வருமானத்தைப் பேணவும் அமைக்கப்பட்ட துருப்பிலிருந்து தன் வரலாற்றைத் தொடங்கும் அப்படை, இன்றும் இராணுவ அமைப்புடையதாயினும் பொருளாதார, நிதி அமைச்சின் கீழேயே இயங்குகிறது. சுங்கத் தீர்வையைக் கணக்கிட்டு அறவிடும் நிருவாக வேலை வேறொரு முகவரகத்துக்குரியது. வரி ஏய்ப்பு, கள்ளக் கடத்தல், போலி நாணயம், பண மோசடி ஆகியவற்றைத் துப்புத் துலக்குவதே இவர்களின் தொழில். பற்றுச்சீட்டு இல்லாத வாடிக்கையாளருக்கும் முன்பு தண்டம் இருந்தது. 2003 இல் அதை நீக்கிவிட்டார்கள். இப்போது பொறுப்பு கடைக்காரருடையது மட்டுமே.

பலெர்மோவைப் பற்றிக் கேட்டதால் இதையும் சொல்ல வேண்டும். 1980 அளவில் நீதவான் ஜோவான்னி ஃபால்கோனே, மாஃபியா என்னும் குற்றக் கும்பலின் ஹெரோயின் வியாபாரத்தைப் பிடிக்க வங்கிக் காசோலைகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தபோது, அந்தக் கட்டுக்கட்டான தாள்களை வாசிக்கத் துணைநின்றவர்கள் இப்படையினரே. 1982 இல் மாஃபியாவின் சொத்தைப் பறிமுதல் செய்ய வழிவகுக்கும் சட்டமும் வந்தது. துப்பாக்கியைவிடப் பேரேட்டை நன்றாக வாசிக்கத் தெரிந்த பொலிஸ் என்று நான் இதை மதிக்கிறேன்.

மாதகல் கரையோரம்
எங்கள் வட இலங்கைக் கரையில், கடத்திவரப்படும் பீடி இலை மூட்டைகள் நனைந்தபடி ஒதுங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். 2020 இல் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டபின் மஞ்சள் மூட்டைகளும் வந்தன. கடற்படை பிடித்தால் பீடி இலை சுங்கத்துக்கும் கஞ்சா பொலிஸாருக்கும் போகிறது. படகோட்டிய கூலிக்காரர் அகப்படுகிறார், காசு போட்டவரைத் தேடிச் செல்லும் கை இந்தப் பங்கீட்டிலேயே தளர்ந்துவிடுகிறது. அங்கே மூட்டையும் வங்கிக் கணக்கும் ஒரே படையின் மேசைக்கு வருவது எனக்குப் பெரிய விடயமாகத் தெரிகிறது.

பருத்தித்துறை ஆசிரியை
சீருடையோடு வாசலில் நிற்பவர்களைக் கண்டு வளர்ந்த எங்களுக்கு, கணக்குப் பார்க்க ஆயுதப்படை வருவது அச்சந்தரும். அந்த அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்பதை அறியாமல் இதை நான் மெச்ச மாட்டேன்.

கொக்குவில் கணக்காளர்
நியாயமான அச்சம், ரீச்சர். 2000 ஆம் ஆண்டின் வரிசெலுத்துநர் உரிமைச் சட்டப்படி, கடையில் இருந்து நடத்தும் பரிசோதனை பொதுவாக 30 வேலைநாட்களுக்குள் முடிய வேண்டும். சிக்கலானதென்று மேலதிகாரி காரணம் காட்டினால் இன்னும் 30 நாட்கள் நீடிக்கலாம். வரிக் கணக்குக்காகக் குடியிருக்கும் வீட்டுக்குள் நுழைவதற்கு அரச வழக்குத்தொடுநரின் அனுமதி தேவை. திருநெல்வேலி அன்பரே, உங்கள் அண்ணர் அன்றைய சோதனைக்கு எழுதப்பட்ட அறிக்கையின் பிரதியைத் தவறாமல் வாங்கி வைத்திருக்கட்டும்.