மூன்று செயின்ரிங்கை இரண்டாக்க: 36-22, 36-24, 38-26 இவற்றில் எது பொருந்தும்?

ஆனைமலைச் சாரல் (பொள்ளாச்சி):

வணக்கம். என்னிடம் 29 அங்குலச் சக்கரமுள்ள மலை மிதிவண்டி ஒன்று இருக்கிறது. கிராங்க்கில், அதாவது மிதிக்கட்டைகளைத் தாங்கும் தண்டில், 42-32-24 பல் என மூன்று செயின்ரிங்குகளும் (முன்பக்கப் பற்சக்கரங்கள்), பின்னால் 11 பல்லிலிருந்து 36 பல் வரையுள்ள பத்து அடுக்குக் கேசட்டும் (பின்சக்கரப் பற்சக்கரத் தொகுப்பு) உள்ளன. 42 பல் செயின்ரிங்கை நான் தொடுவது மிக அரிது. 32இல் ஓட்டினாலோ, சமதளத்தில் சங்கிலி எப்போதும் 13, 15 பல் பக்கமே கிடப்பதால் அந்தச் சிறிய பற்சக்கரங்கள் மட்டும் தேய்கின்றன. எனவே மூன்றை இரண்டாகக் குறைக்கலாம் என்று நினைக்கிறேன்.

வாரநாள்களில் பொள்ளாச்சி-உடுமலைச் சாலையிலும் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கரை மண்பாதைகளிலும் ஓட்டுகிறேன். போகும்போது காற்று முதுகில் தள்ளுவதால் 30 கி.மீ. வேகம் எளிதாக வரும். ஆடி மாதத்தில் மேற்கே திரும்பி வரும்போது 18 கி.மீ. பிடிப்பதே பெரும்பாடு. விடுமுறை நாள்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் கிளைச் சாலைகளில் சுற்றுவேன். என் எடை 72 கிலோ, வண்டி 14 கிலோ. கிராங்க்கில் செயின்ரிங்கைப் பிணைக்கும் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் (போல்ட் வட்டம்) வெளிப்பக்கம் 104 மி.மீ., உள்பக்கம் 64 மி.மீ. கிராங்க்கை மாற்றாமல், செயின்ரிங்கை மட்டும் மாற்றுவதானால் எந்த இணையைத் தேர்ந்தெடுப்பது?

கொல்லிமலை ஏறி (நாமக்கல்):

தயங்காமல் 36-22 போடுங்கள். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் சாலையில், வளைவின் உள்பக்கத்தில் திரும்பும் ஒவ்வொரு முறையும் இன்னும் ஒரு கியர் கீழே இருந்தால் நன்றாக இருக்குமே என்றுதான் மனம் ஏங்கும். மேல் வேகம் குறைந்தால் யாருக்கும் முட்டி வலிக்காது. கீழ்க் கியர் போதாவிட்டால் கட்டாயம் வலிக்கும். 64 மி.மீ. போல்ட் வட்டத்தில் பொருந்தக்கூடிய மிகச் சிறிய செயின்ரிங் 22 பல்தான் என்பதால், கிடைப்பதில் ஆகத் தாழ்ந்ததை எடுத்துக்கொள்வதே அறிவுடைமை என்பது என் கருத்து.

பவானிக்கரை (ஈரோடு):

நாமக்கல் அண்ணா சொல்வதில் பாதி சரி. முட்டி வலிக்கு மருந்து தாழ்ந்த கியர்தான். ஆனால் கேட்டிருப்பவர் வாரத்தில் ஒருநாள் மலையேறி, மற்ற நாள்களில் காற்றோடு போராடுபவர். ஆகவே பெரிய செயின்ரிங்கைச் சமதள வேகத்தை வைத்தும், சிறியதை ஏற்றத்தை வைத்தும் தனித்தனியாக முடிவுசெய்துவிட்டு, அதன் பிறகு இரண்டுக்கும் இடையிலான தொலைவு தாங்கக்கூடியதா என்று பார்ப்பதே முறை.

முதலில் பெரியதைப் பார்ப்போம். 29 அங்குலச் சக்கரத்தில் 2.2 அங்குல டயர் இருந்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.3 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 80 முறை மிதித்து 18 கி.மீ. வேகத்தில் போக வேண்டுமானால் ஒரு மிதிச் சுற்றுக்கு 3.75 மீட்டர் வேண்டும். அதாவது முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தால் 1.63 வர வேண்டும். 36 பல் செயின்ரிங்கில் இது 21க்கும் 24க்கும் இடையே, கேசட்டின் நட்டநடுவில் விழுகிறது. காற்று முதுகில் தள்ளும்போது 30 கி.மீ. வேகத்துக்கு 2.72 தேவை, 36இல் 13 பல் போட்டால் 2.77 வரும். ஆகப் போகவும் வரவும் பெரிய செயின்ரிங்கை விட்டு இறங்கவே வேண்டியதில்லை, சங்கிலியும் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே ஓடும். 38 போட்டாலும் நடக்கும், ஆனால் காற்று வலுக்கும் நாளில் ஒரு பற்சக்கரம் உள்ளே தள்ளி ஓட்ட நேரும். 34 போட்டால் முதுகுக் காற்றில் மீண்டும் 13, 11 பக்கம் போய் நிற்பீர்கள். நீங்கள் தப்ப நினைக்கும் தொல்லையே அதுதான். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று வீசும் காற்றுக்குக் காற்றாலை நட்டவர்கள் மகிழலாம், மிதிவண்டிக்காரர் அதற்கேற்ற செயின்ரிங்கைத்தான் தேட வேண்டும்.

உச்ச வேகத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 36-க்கு-11இல் (முன்னால் 36, பின்னால் 11 பல்) நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் 40 கி.மீ.க்கு மேல் வரும். கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது அதற்கு மேல் மிதிப்பதற்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை.

அடுத்து ஏற்றம். உங்களையும் வண்டியையும் சேர்த்து 86 கிலோ. ஓரளவு பழகிய கால்களால் நீண்ட நேரம் 150 வாட் தர முடியும் என்று வைத்துக்கொண்டு, தார்ச்சாலையில் மலை டயர் உருளும் தடைக்கு ஒன்றரை விழுக்காட்டைச் சேர்த்துக் கணக்கிட்டேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரையுள்ள முதன்மைச் சாலையின் சராசரி ஏற்றம் 5 விழுக்காட்டை எட்டாது. அந்த 5 விழுக்காட்டில் மணிக்கு 10 கி.மீ. வேகம் வரும். அதற்கு 24-க்கு-24 போதும், அப்போது நிமிடத்துக்கு 71 சுற்று மிதிப்பீர்கள். முதன்மைச் சாலைக்கு மட்டும் என்றால் முன்னால் 28 பல்லே போதும் என்பதுதான் உண்மை.

தோட்டத்துக் கிளைச் சாலைகள்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. 8 விழுக்காட்டு ஏற்றத்தில் உங்கள் வேகம் 6.7 கி.மீ. ஆகும், பின்னால் 36 பல் இருக்க, முன்னால் 22 என்றால் 80 சுற்றும், 24 என்றால் 73 சுற்றும், 26 என்றால் 68 சுற்றும், 28 என்றால் 63 சுற்றும் வரும். இதில் எதுவும் தாங்கக்கூடியதே. 12 விழுக்காட்டில் வேகம் 4.7 கி.மீ.யாகக் குறைந்து, அதே வரிசையில் 56, 52, 48, 44 என்று சுற்றுகள் சரியும். 50க்குக் கீழே போனால் மிதிப்பது உந்தி ஏறுவதாக மாறிவிடும். முட்டிக்கு வரும் வலி அங்கேதான் தொடங்குகிறது. எனவே 26, 28 இரண்டும் உங்கள் கிளைச் சாலைகளுக்குச் சற்று அதிகம். 22க்கும் 24க்கும் உள்ள வேறுபாடோ நிமிடத்துக்கு நான்கு சுற்றுதான்.

அந்த நான்கு சுற்றுக்கு என்ன விலை என்று பாருங்கள். 36-22 இணையில் 36-க்கு-28 ஓட்டிக்கொண்டிருக்கும்போது முன்னால் சிறியதற்கு இறக்கினால், கால் வெறுமையில் சுழலாமல் இருக்கப் பின்னால் 24, 21, 19, 17 என நான்கு படி ஏற்றியாக வேண்டும். 36-24இல் மூன்று படி போதும், 36-26இல் இரண்டோ மூன்றோ. ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வரும் பாதையில் இந்த வேறுபாடு நாள் முழுவதும் கட்டைவிரலில் தெரியும். கொல்லிமலை போல ஒரே மூச்சாக ஏறும் சாலையில் தெரியாது. அண்ணா 22ஐ விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உங்களிடம் 24 பல் ஏற்கெனவே இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு, 32 இருந்த இடத்தில் 36ஐப் போட்டு, 42 இருந்த இடத்தில் பல்லில்லாத காப்பு வளையம் ஒன்றை மாட்டுங்கள். செலவும் ஒரு செயின்ரிங்கோடு முடியும்.

சூலூர்க்காரன்:

இவ்வளவு கணக்கு எதற்கு? முன்னால் ஒரே ஒரு 32 பல், பின்னால் 11-42 கேசட். முன்னால் சங்கிலியை மாற்றிப்போடும் டிரெய்லியரே வேண்டாம்.

பவானிக்கரை (ஈரோடு):

12 அடுக்கில் 10-51 கேசட் இருக்கும் புதிய வண்டிக்கு நானும் அதையே சொல்வேன், தம்பி. பத்து அடுக்கில் 32-க்கு-42 என்றால் 0.76, 24-க்கு-36 என்றால் 0.67. ஏற்றத்திலும் இழப்பு, சமதளத்தில் அவர் இப்போது புலம்பும் 13, 15 பல் தேய்மானமும் அப்படியே நிற்கும். போதாததற்கு, இருக்கும் டிரெய்லியர் 42 பல்லை எட்டுவதற்குத் தனியாக ஒரு நீட்டுத் துண்டும் வாங்க வேண்டியிருக்கும்.

ஆனைமலைச் சாரல் (பொள்ளாச்சி):

மிக்க நன்றி. இருக்கும் 24ஐ வைத்துக்கொண்டு 36ஐ மட்டும் வாங்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கடையில் இணையாக விற்பதை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. 104 மி.மீ. வட்டத்துக்கு நல்ல 36 பல் செயின்ரிங் உள்ளூரில் கிடைக்காவிட்டால், கோவையில் தெரிந்த சி.என்.சி. (கணினி வழி உலோகம் வெட்டும்) பட்டறையில் வெட்டிக்கொள்ளலாமா? மூன்றுக்கென்று வந்த முன் டிரெய்லியரை அப்படியே பயன்படுத்தலாமா?

பட்டறை ஆள் (கணபதி, கோவை):

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு பலர் எங்கள் பட்டறைக்கு வருகிறார்கள். பம்ப்பும் மோட்டாரும் நூற்பாலை உதிரிகளும் செய்யும் ஊரில் ஒரு பற்சக்கரம் வெட்ட முடியாதா என்று கேட்பது நியாயம்தான். வெட்ட முடியும். அரை அங்குல இடைவெளியில் 36 பல் வெட்டுவது எந்த எந்திரத்துக்கும் பெரிய வேலை அல்ல. பத்து அடுக்குச் சங்கிலியின் உள்ளகலம் ஏறத்தாழ 2.2 மி.மீ. என்பதால் பல்லின் தடிமனை 2 மி.மீ.க்குள் நிறுத்த வேண்டும், அதுவும் முடியும்.

சிக்கல் சங்கிலி ஏறும் இடத்தில் இருக்கிறது. நல்ல செயின்ரிங்கைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள்; சில இடங்களில் சரிவாகச் செதுக்கியிருப்பார்கள், சில இடங்களில் எஃகு ஆணிகள் பதித்திருப்பார்கள், அவற்றை ஒட்டிய பற்கள் மட்டும் சற்றுக் குட்டையாக இருக்கும். சிறிய செயின்ரிங்கிலிருந்து சங்கிலியைத் தூக்கிப் பெரியதன் பல்லில் உட்காரவைப்பது அந்த அமைப்புதான். எந்த ஆணி எந்தப் பல்லுக்கு நேராக, சிறியதிலிருந்து எவ்வளவு கோணத்தில் நிற்க வேண்டும் என்பதை இணைக்கு இணை தனியாக வடிவமைக்கிறார்கள். ஸ்ராம் நிறுவனத்தின் 39-26, 42-28 இணைகள் இரண்டிலும் விகிதம் சரியாக ஒன்றரை வருவதைக் கவனித்திருப்பீர்கள். அப்படி இருந்தால் பற்கள் ஒன்றோடொன்று ஒத்து நிற்கும் இடங்கள் ஒழுங்கான இடைவெளியில் வரும். வெறும் பல்லை மட்டும் வெட்டிப் போட்டால், சமதளத்தில் சங்கிலி எப்படியோ ஏறிவிடும். பாரத்தோடு மிதிக்கும்போது உரசிக்கொண்டே நிற்கும்.

இரண்டாவது, உலோகம். எங்களிடம் எளிதாகக் கிடைப்பது 6061 அலுமினியம். நல்ல செயின்ரிங்குகளுக்கு 7075ஐப் பயன்படுத்துகிறார்கள். அதன் வளையாமல் தாங்கும் வலிமை 6061ஐப் போல ஏறக்குறைய இரு மடங்கு. 175 மி.மீ. கிராங்க்கில் மிதியின் மேல் 40 கிலோ அழுத்தினால், 24 பல் செயின்ரிங்கில் சங்கிலி இழுக்கும் விசை 140 கிலோவைத் தாண்டும். செயின்ரிங் சிறிதாகச் சிறிதாக இந்த இழுவை கூடும். ஆகவே சிறிய செயின்ரிங் எஃகில் கிடைத்தால் அதையே போடுங்கள். நம் செம்மண் புழுதியில் எடையைவிடத் தேய்மானம்தான் கையைக் கடிக்கும். காப்பு வளையத்தை மட்டும் எங்களிடம் வெட்டிக்கொள்ளுங்கள். அதற்குப் பல்லும் கிடையாது, பாரமும் கிடையாது. 36 பல்லின் வெளிவிட்டத்தைவிடச் சில மி.மீ. பெரிதாக இருந்தால் போதும்.

வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். ஒரு பல் தடிமனாகவும் அடுத்த பல் மெல்லியதாகவும் மாறிமாறி இருந்தால், அது ஒற்றைச் செயின்ரிங் வண்டிக்குரியது. சங்கிலியை விடாமல் பிடித்துவைக்கவே அதைச் செய்கிறார்கள் என்பதால், முன் கியர் மாற்றும் வண்டிக்கு அது உதவாது.

பவானிக்கரை (ஈரோடு):

முன் டிரெய்லியரை உடனே வாங்க வேண்டாம், முதலில் இருப்பதை முயன்று பாருங்கள். சங்கிலி ஊடே ஓடும் அதன் கூண்டின் வளைவு 42 பல்லுக்கு ஏற்றது. 36க்கு இறக்கிப் பொருத்தும்போது, கூண்டின் வெளித்தகட்டுக்கும் பல்லின் நுனிக்கும் இடையே 1 முதல் 3 மி.மீ. இடைவெளி முன்பக்கம் சரியாக வந்தாலும், பின்பக்கம் அகன்றே நிற்கும். மூன்று செயின்ரிங்குக்கான கூண்டில் உள்தகடு ஆழமாக இறங்கியிருக்கும். இறக்கியபின் சிறிய செயின்ரிங்கில் ஓட்டும்போது அது சட்டத்தின் பின்கம்பியிலோ சங்கிலியிலோ உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் மட்டும் 34-38 பல்லுக்கென்று வரும் இரட்டைச் செயின்ரிங் டிரெய்லியரை வாங்கிக்கொள்ளலாம். வெளிப்பக்க எல்லைத் திருகை இறுக்கி, கூண்டு காப்பு வளையத்தின் மேல் சங்கிலியைத் தள்ளாதபடி நிறுத்துங்கள். சில ஷிஃப்டர்களில் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும் சிறிய திருப்பி இருக்கும். இல்லையென்றால் திருகே போதும்.

பின் டிரெய்லியரின் கொள்ளளவில் சிக்கல் வராது. முன்னால் 36க்கும் 24க்கும் 12 பல் வேறுபாடு, பின்னால் 36க்கும் 11க்கும் 25, ஆக 37. 42-24க்கே ஈடுகொடுத்த நீளக் கூண்டு இதற்குத் தாராளம்.

செயின்ரிங்கை வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியது வேறு ஒன்று. நடு இடத்தில் 32க்குப் பதில் 36 வரும்போது ஆரம் 8 மி.மீ. கூடுகிறது. 29 அங்குல வண்டிகள் சிலவற்றில் பின்கம்பி அந்த இடத்தில் வெளியே புடைத்திருக்கும். இப்போதுள்ள 32இன் பல் நுனியிலிருந்து 8 மி.மீ. தள்ளி ஓர் அட்டையை வெட்டி வைத்துப் பாருங்கள். கம்பிக்கும் அட்டைக்கும் இடையே 3 மி.மீ.யாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் 34-24க்கு இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை, முதுகுக் காற்றை மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

சங்கிலியைப் பெரிய செயின்ரிங்கிலும் பெரிய பற்சக்கரத்திலும் டிரெய்லியர் வழியாகப் போகாமல் சுற்றிப்பார்த்து, அதற்கு மேல் ஓர் அங்குலம் விட்டு வெட்டுங்கள். 42க்கு அளந்த சங்கிலியில் ஒரு சோடிக் கண்ணி மிகும். பழைய சங்கிலி தேய்ந்து நீண்டிருந்தால் அதைப் புதிய 36இன் மேல் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

ஆனைமலைச் சாரல் (பொள்ளாச்சி):

அட்டை வெட்டி வைத்துப் பார்த்தேன்; பின்கம்பிக்கும் அதற்கும் இடையே 4 மி.மீ. இருக்கிறது. 36 பல்லுக்கும் புதிய சங்கிலிக்கும் சொல்லிவைத்துவிட்டேன். கணபதி அண்ணா, காப்பு வளையத்துக்கு 104 மி.மீ. வட்டத்தில் நான்கு துளைகளோடு எவ்வளவு தடிமன் வைத்தால் இப்போதுள்ள போல்ட்டுகளே போதும்?

பட்டறை ஆள் (கணபதி, கோவை):

கழற்றிய 42 பல் செயின்ரிங்கைக் கையோடு எடுத்து வாருங்கள். போல்ட் உட்காரும் இடத்தில் அதன் தடிமனை அளந்து அதே அளவில் வைத்துவிட்டால் பழைய போல்ட்டுகளே போதும்.