பக்கவாதம்: வீட்டுக்கு வந்தபின் யார் எதைப் பார்ப்பார்கள்?

உசிலம்பட்டிக்காரன்:
அப்பாவுக்கு பக்கவாதம். வலது கை, கால் விழுந்துவிட்டது, பேச்சு குழறுகிறது. இந்த வாரம் டிஸ்சார்ஜ். சீட்டில் பிசியோ, ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி), ஸ்பீச் தெரபி மூன்றும் எழுதியிருக்கிறார்கள். ஆள் அனுப்பும் ஏஜென்சியில் கேட்டால், "ஒரே ஆள் எல்லாத்தையும் பார்த்துக்குவாங்க" என்கிறார்கள். நம்பலாமா?

மேலூர் பிசியோ:
நம்பாதீங்க. உட்கார, எழுந்து நிற்க, நடக்கப் பழக்குவது பிசியோ. குளியல், சாப்பாடு, உடை மாற்றுவது மாதிரி அன்றாட வேலைகளுக்குப் பழக்குவது ஓ.டி. சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்கணும். கழற்றும்போது நல்ல கைதான் முதலில். இதையெல்லாம் ஓ.டி. தெரபிஸ்ட் உங்கள் வீட்டு ஆட்களுக்கும் சொல்லித் தருவார்.

ஸ்பீச் தெரபிஸ்ட்டைத் தள்ளிப்போடவே கூடாது, விழுங்குவதையும் அவர்தான் சோதிப்பார். தண்ணீர் குடித்ததும் இருமலோ, குரலில் சளி கட்டிய மாதிரி கரகரப்போ வந்தால் வாய்வழி கொடுப்பதை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் சொல்லுங்க. நீர்த்த கஞ்சிதான் சுலபம் என்று நினைப்பார்கள், அதுதான் சட்டென்று மூச்சுக்குழாய்க்குள் போகும். நிமோனியா வரை கொண்டுபோய்விடும்.

வீட்டு நர்ஸ், மதுரை:
வருவது நர்ஸா, உதவியாளரா என்று ஏஜென்சியில் முதலில் கேளுங்கள். மூக்குக் குழாய் மாற்றுவது, சிறுநீர்க் குழாய் போடுவது, ஊசி எல்லாம் நர்ஸ் வேலை. நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். குளிப்பாட்டுவது, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது உதவியாளர் வேலை.

உதவியாளர்கள் அதிகம் செய்யும் தப்பு, விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவது. தசை தளர்ந்திருப்பதால் தோள்மூட்டு இறங்கிவிடும். அந்த வலியில் அப்பா பிசியோவையே கையைத் தொடவிடமாட்டார். அக்குளில் கைகொடுத்தும் தூக்கக் கூடாது. இடுப்பில் பெல்ட் கட்டி அதைப் பிடிக்கணும், எப்படி என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே பிசியோவைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

உசிலம்பட்டிக்காரன்:
மூன்று பேருக்கும் தினமும் காசு கொடுக்க முடியாதே?

மேலூர் பிசியோ:
தினமும் வரவேண்டியதில்லை. அவர்கள் எழுதித் தரும் பயிற்சியை வீட்டில் தினமும் செய்யவைத்தால் போதும். 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருவார், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். சில மாத சிகிச்சைக்குப் பிறகும் குறை நீடித்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். குறைபாட்டின் அளவு 40 சதவீதத்துக்குக் குறைந்தால் பெரும்பாலான சலுகைகள் கிடைக்காது. டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் எதையும் தொலைத்துவிடாதீங்க.