வெளிநாட்டிலை நிக்கேக்கை தெரியிற எங்கடை பழக்கங்கள்

கொக்குவிலிலை இருந்து:

மகள் குடும்பம் ஜேர்மனியிலை, ஹம் நகரத்துக்குக் கிட்ட. விசிட் விசாவிலை போய் நிண்டபோது எனக்குப் பெரிய புதினம் அந்த ஊர் ஞாயிற்றுக்கிழமைதான். கடையள் பூட்டு, அது பறவாயில்லை. சத்தமும் பூட்டு. மெசினாலை புல்லு வெட்டேலாது, சுவரிலை துளை போடேலாது. வெறும் கண்ணாடிப் போத்தலைக் கொண்டுபோய் றோட்டோரத் தொட்டிக்குள்ளை போடவும் கூடாது. விழுந்து உடையிற சத்தம் அயலுக்குக் கேக்குமாம்.

எங்கடை ஒழுங்கையிலை ஞாயிறு விடியிறதே கோயில் ஸ்பீக்கரோடை. அது ஓய மீன்காரன்ரை ஹோர்ன், பிறகு பாண் ஓட்டோ. அந்த ஓட்டோ போடுற மெட்டு பீத்தோவன்ரை. மனிசன் பிறந்தது ஜேர்மனியிலை, பொன் நகரத்திலை, 1770இலை. அவர் பிறந்த நாட்டிலை ஞாயிறு விடியக்காலமை அதைப் போட்டுக்கொண்டு திரிஞ்சால் அயலட்டை சும்மா விடாது! மருமகனுக்கு இதைச் சொல்லிச் சிரிக்க, "மாமா, கொஞ்சம் மெல்லமாய்க் கதையுங்கோ, மேல்வீட்டிலை ஆக்கள் இருக்கினம்" எண்டார். நான் சாதாரணமாய்க் கதைக்கிறதே அங்கை கூப்பாடு. வேலிக்கு மேலாலை அடுத்த வளவோடை கதைச்சுப் பழகின தொண்டை இது.

ஹம்மிலை காமாட்சி அம்மன் கோயில் இருக்கு. 2002இலை கும்பாபிஷேகம் நடந்தது, தொழிற்சாலைப் பக்கம். தேருக்குப் போனன். தவிலும் நாதஸ்வரமும் முழுச் சத்தத்திலை. அண்டைக்கு மருமகன் "அரோகரா" எண்டு கத்தின கத்து எனக்கே கேட்டுப் பழக்கமில்லாத குரல்.

பருத்தித்துறையிலை இருந்து:

ஒஸ்லோவிலை பஸ்ஸுக்கு நிக்கிற ரண்டு ஆக்களுக்கு நடுவிலை ஒரு மாடு படுக்கலாம். பஸ்ஸிலை ஏறி, தனிய இருந்த ஒரு வயசான அம்மாவுக்குப் பக்கத்திலை போய் இருந்தன். பின்னாலை எத்தினையோ சீற்று வெறுமை. 750ஆம் நம்பர் பஸ்ஸிலை போய் வாற எங்களுக்குப் பக்கத்திலை ஆள் இல்லாட்டிப் பயணம் மாதிரியே இராது. அவ கைப்பையை எடுத்து மடியிலை வைச்சுக்கொண்டு யன்னலைப் பாத்தா. "அம்மா எவடம்?" எண்டு கேக்க வாய் உன்னினது. நல்லகாலம், எனக்கு நோர்வே பாசை தெரியாது.

நல்லூரிலை இருந்து:

மேலை எழுதின ஆக்கள் சொன்னது சரி. ஆனால் இப்பிடிக் கதை வந்தால், வெள்ளைக்காரர் நேரம் காப்பினம், எங்கடை சனத்துக்கு நேரம் எண்டால் என்னெண்டே தெரியாது எண்டு சொல்ல ஒராள் வரும். எனக்கு அது ஒத்துவராது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலை பூசை ஆருக்காகவும் பிந்தாது, எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும். 25 நாள் திருவிழாவும் அப்பிடித்தான். கலியாணத்திலை தாலிகட்டு நிமிசம் தப்பாது, சாப்பாடுதான் பிந்தும். சாமிக்கு ஒரு மணிக்கூடு, சனத்துக்கு வேறை மணிக்கூடு வைச்சிருக்கிறம், அவ்வளவுதான். சுவிஸிலை தங்கச்சியோடை நிக்கேக்கை பாத்தன், பல்லு டொக்டருக்கும் சாமி மணிக்கூடு, தேத்தண்ணி குடிக்கப் போறதுக்கும் அதே மணிக்கூடு. ரெயின் பிடிக்க எனக்குக் கஷ்டமே இருக்கேல்லை. கஷ்டமாய் இருந்தது வேறை. படலையிலை நிண்டு "வீட்டுக்காரர்!" எண்டு கூப்பிட்டுக்கொண்டு உள்ளை போற ஊர் எங்கடை. அங்கை கீழ்வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு கேள்விப்பட்டும், சொல்லாமல் போய்ப் பாக்கேலாது. தங்கச்சி முதலிலை மெசேஜ் போட்டாள். மறுமொழி அடுத்தநாள் வந்தது. அதுக்குள்ளை காய்ச்சல் மாறியிட்டுது.

சுன்னாகத்திலை இருந்து:

ஆராவது ஜப்பான் போய் வந்தவை இருந்தால் எழுதுங்கோ. அங்கை ரெயினுக்குள்ளை போன் கதைக்கிறது மரியாதை இல்லையாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போற எண்ணம் இருக்கு. அவ வட்சப்பிலை ஸ்பீக்கர் போடாமல் கதைச்சதை இண்டைவரைக்கும் நான் காணேல்லை.